பழைய கேம்பெயினில் இருக்கும் ஆர்க்குகளை என்ன செய்வது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். பல வருடங்களுக்கு முன் நீங்களே எழுதி நடத்திய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கேம்பெயினை, அதாவது மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் தொடர்கதையை, தூசி தட்டி எடுத்திருக்கிறீர்கள். அதில் ஆர்க்குகள் என்ற முரட்டுக் கற்பனை இனத்தார் பிறவியிலேயே கொடியவர்கள். நிலத்துக்கு அடியில் வாழும் கறுத்த தோல் எல்ஃபுகளான ட்ரௌக்கள் எல்லோரும் துரோகிகள். கூண்டு வண்டிகளில் ஊர் ஊராகத் திரியும் ஒரு கூட்டம் குறி சொல்லும், சாபம் விடும், திருடும். இப்போது புது ஆட்களை வைத்து மறுபடி தொடங்கப் போகிறீர்கள். "இதையெல்லாம் மாற்றத்தான் வேண்டுமா? மாற்றினால் கதை சப்பென்று ஆகிவிடாதா?" என்பது கேள்வி.

மாற்றுங்கள். சப்பென்று ஆகாது. ஆனால் மாற்றுகிறேன் என்று பலர் செய்வது என்னவென்றால், 'கொடிய' என்ற சொல்லை அடித்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டால் நிச்சயம் சப்பென்றுதான் இருக்கும். அடித்த இடத்தில் அந்த மக்களுக்கு ஒரு வரலாறு எழுத வேண்டும். அதைவிட முக்கியமாக, அவர்களுக்குள்ளேயே ஒரு தகராறு எழுத வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஏன் என்பதைத்தான் நீளமாகச் சொல்லப் போகிறேன்.

எனக்கு இது உறைத்தது ஒரு ராத்திரி ஆட்டத்தில். 1979-இல் கேரி கைகாக்ஸ் எழுதிய 'தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்' என்ற பழைய அட்வென்ச்சரை நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு கோட்டை, அதற்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு பள்ளத்தாக்கு, அதன் சரிவுகளில் குகைகள். ஒரு குகையில் கோபோல்டுகள், இன்னொன்றில் ஆர்க்குகள், அடுத்ததில் காப்ளின்கள். ஒவ்வொரு குகையிலும் சண்டை போடும் ஆண்கள் எத்தனை பேர் என்று எழுதியிருக்கும். பெண்கள் எத்தனை, சண்டை போடாத குழந்தைகள் எத்தனை என்பதும் அதே வரிசையில் எண்ணிக்கையாக இருக்கும். அந்த அறை வந்தபோது நான் எண்ணிக்கையை அப்படியே வாசித்தேன். பாலடின், அதாவது அறத்துக்காகப் போரிடும் வீரனாக, ஆடிக்கொண்டிருந்த நண்பர் கையில் எடுத்த பகடையை மேசையில் வைத்துவிட்டு, "இதுங்க என்ன பண்ணுச்சு?" என்று கேட்டார். புத்தகத்தைப் புரட்டினேன். அவர்கள் என்ன செய்தார்கள் என்று எங்கேயும் இல்லை. நல்லவரா தீயவரா என்று சொல்லும் அலைன்மென்ட் குறிப்பு மட்டும் இருந்தது: தீயவர்கள். டீ ஆறிப்போய்விட்டது. யாரும் எதுவும் பேசவில்லை. அன்றைக்கு ஆட்டத்தை அதோடு நிறுத்திவிட்டோம்.

அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத இடம்தான் பழுது பார்க்க வேண்டிய இடம். புத்தகத்தில் இருக்கும் கடுமையான சொற்கள் அதற்கு அப்புறம்தான்.

இந்த விளையாட்டு 1974-இல் கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்டது. அதன் ஆர்க்குகள் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீனிடமிருந்து வந்தவர்கள். டோல்கீன் 1958-இல் எழுதிய ஒரு கடிதத்தில் தன் ஆர்க்குகளின் முகத்தை விவரிக்கிறார். தட்டை மூக்கு, மஞ்சள் பாய்ந்த தோல், சாய்ந்த கண்கள். ஐரோப்பியர் கண்ணுக்கு அழகில்லாத மங்கோலிய முகங்களின் சிதைந்த வடிவம் என்று அவரே சொல்லிவிடுகிறார். அவரைக் கூண்டில் ஏற்ற இதைச் சொல்லவில்லை. எல்லா ஆர்க்குகளும் மீட்சியே இல்லாதவர்களா என்ற கேள்வி கடைசிவரை அவரையும் உறுத்திக்கொண்டுதான் இருந்தது. நான் சொல்ல வருவது, அந்த முகம் எங்கிருந்தோ எடுக்கப்பட்டது என்பது. காற்றிலிருந்து வந்ததில்லை.

விளையாட்டு அந்த முகத்தை எண்களாக மாற்றியது. கதையில் வரும் ஒரு வர்ணனையை வாசகர் தாண்டிப் போய்விடலாம். ஆடுபவரின் ஆளுடைய திறன்களை எழுதி வைக்கும் கேரக்டர் ஷீட்டில் இருக்கும் எண்ணைத் தாண்ட முடியாது, ஒவ்வொரு பகடைக்கும் அது கூடவே வரும். 1978-இன் விதிப் புத்தகமான பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் பெரும்பாலான தொழில்களில் எல்ஃபும் ட்வார்ஃபும் ஒரு நிலைக்கு மேல் உயர முடியாது, மனிதருக்கு மட்டும் அந்த எல்லை இல்லை. பெண் கதாபாத்திரங்களின் வலிமைக்குக்கூட அதில் உச்சவரம்பு இருந்தது. 2000-இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது அந்த நிலை எல்லைகள் போயின. ஆனால் பாதி ஆர்க்குக்கு வலிமை இரண்டு கூடும், அறிவு இரண்டு குறையும், வசீகரம் இரண்டு குறையும் என்று எழுதினார்கள். ஐந்தாம் பதிப்பில், 2016-இல் வந்த வோலோஸ் கைடு என்ற துணைப் புத்தகத்திலும், ஆர்க்குக்கு அறிவில் இரண்டு குறைவு திரும்பி வந்தது.

இரண்டு எண்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். மந்திரவாதிக்கு அறிவுதான் முக்கியம். புள்ளிகளைச் செலவழித்துத் திறன்களை வாங்கும் பாயின்ட் பை முறையில் ஒரு திறனுக்கு அதிகபட்சம் 15 வாங்கலாம். வோலோஸ் கைடின் ஆர்க் அதிலிருந்து இரண்டு கழித்து 13-இல் நிற்கிறான், மந்திரம் போடும்போது பகடையோடு கிடைப்பது கூடுதல் ஒன்று. நோம் என்ற குள்ள இனத்தான் ஒருவன் அதே 15-உடன் இரண்டு சேர்த்து 17-இல் நிற்கிறான், அவனுக்குக் கூடுதல் மூன்று. முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு மந்திரத்திலும் இந்த வித்தியாசம் இருக்கும். ஆர்க் மந்திரவாதியாக ஆட ஆசைப்பட்டு வருகிற பதினைந்து வயதுப் பிள்ளைக்கு, "உன் ஆள் அதற்குப் பிறக்கவில்லை" என்று மேசையில் யாரும் வாயால் சொல்லவே வேண்டாம். ஷீட் சொல்லிவிடும்.

2020 ஜூனில், இந்த விளையாட்டை வெளியிடும் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆர்க்குகளையும் ட்ரௌக்களையும் சித்திரித்த விதத்தில், நிஜ உலகில் சில மக்களை இழிவுபடுத்தப் பயன்பட்ட பேச்சின் சாயல் இருந்தது என்று அதில் ஒப்புக்கொண்டார்கள். அந்த நவம்பரில் வந்த டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங் என்ற புத்தகம், இனத்தோடு வரும் திறன் கூட்டல்களை விருப்பப்படி எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்றது. 2021 டிசம்பரில் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கின் இனப் பகுதிகளிலிருந்து அலைன்மென்ட் குறிப்புகளை எடுத்தார்கள். 2024-இன் புதிய ஹேண்ட்புக்கில் 'ரேஸ்' போய் 'ஸ்பீஷீஸ்' வந்தது. திறன் கூட்டல் பிறப்பிலிருந்து பேக்ரவுண்டுக்கு, அதாவது ஆள் முன்னால் செய்துவந்த வேலைக்கு, மாறியது.

இந்தக் கடைசி மாற்றத்தில் எனக்குப் பாதி உடன்பாடுதான். விவசாயி என்ற பேக்ரவுண்டை எடுத்தால் வலிமை, உடல் உறுதி, விவேகம் மூன்றில்தான் கூட்டலாம், அறிவு அந்தப் பட்டியலில் கிடையாது. படித்தவர் என்று எடுத்தால் அறிவு உண்டு. ஆக, வயலில் வளர்ந்த ஆர்க் பெண் மந்திரம் படிக்கப் போனால் பழைய சிக்கல் வேறு வாசல் வழியாக உள்ளே வருகிறது. முன்பு ரத்தம் தடுத்தது, இப்போது வீட்டுத் தொழில் தடுக்கிறது. குலத்தொழில் என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆட்டத்தை நடத்துபவருக்கான டிஎம் கையேட்டில் பேக்ரவுண்டைப் புதிதாக எழுதிக்கொள்ள வழி இருக்கிறது. உங்கள் மேசையில் அதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். கூட்டலை எங்கே வைப்பது என்று ஆடுபவரே தீர்மானிக்கட்டும், காரணத்தையும் அவரே சொல்லட்டும். காரணம் சொல்லச் சொன்னால் நல்ல கதைகள் வரும்.

எண்கள் சரியாகிவிட்டன என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம் முகம் இருக்கிறது.

உங்கள் வண்டிக் கூட்டம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரிந்திருக்கும். 1983-இன் ரேவன்லாஃப்ட் என்ற அட்வென்ச்சரில் வந்த ஜிப்ஸிக் கூட்டம்தான் அவர்கள், விஸ்தானிகள் என்ற பெயர் பின்னால் வந்தது. 2016-இல் அதன் புது வடிவமான கர்ஸ் ஆஃப் ஸ்டிராட் அவர்களை அப்படியே எடுத்துக்கொண்டது: குடி, குறி, கண்ணேறு, கொடியவனுக்கு ஒற்று வேலை. இவை ஒவ்வொன்றும் ஐரோப்பாவில் ரோமா மக்களைப் பற்றி நூற்றாண்டுகளாகச் சொல்லப்பட்டுவரும் பழி. ரோமாக்கள் ஏறத்தாழ ஆயிரம் வருடங்களுக்கு முன் இந்தியாவின் வடமேற்கிலிருந்து கிளம்பிப் போனவர்கள். அவர்கள் மொழியில் தண்ணீருக்கு இன்றும் 'பானி' என்றுதான் பெயர். நாஜிக்கள் அவர்களை லட்சக்கணக்கில் கொன்றார்கள். அந்தக் கொலைக்குத் தயார் செய்த பேச்சும் இதே பேச்சுதான்: திருடர், சோம்பேறி, நம்பக் கூடாதவர். அதனால்தான் ஆர்க்கைவிட இது எனக்கு அவசரமான விஷயம். ஆர்க் என்று ஒருவர் நிஜத்தில் இல்லை. ரோமாப் பெண் ஒருத்தி நாளைக்கு உங்கள் மேசையில் வந்து உட்காரக்கூடும்.

2020-இல் கர்ஸ் ஆஃப் ஸ்டிராடின் மறுபதிப்பில் விஸ்தானிகள் பற்றிய வரிகளைத் திருத்தினார்கள். ரோமா ஆலோசகர் ஒருவரோடு சேர்ந்து வேலை செய்வதாகவும் சொன்னார்கள். ஆனால் பாடம் முழுதாக உள்ளே இறங்கவில்லை. 2022 ஆகஸ்டில் ஸ்பெல்ஜாமர் என்ற தொகுப்பு வந்தது. ஹடோஸி என்ற குரங்கு மக்களுக்கு அதில் ஒரு புது வரலாறு. விலங்குகளாக இருந்தவர்களை ஒரு மந்திரவாதி பிடித்துக் கூண்டில் அடைத்து, மருந்து கொடுத்து அறிவு வரவைத்து, படையாக விற்கத் திட்டமிட்டான், அவனுடைய சீடர்கள் விடுவித்தார்கள் என்று. கூடவே ஒரு ஹடோஸி பாடகனின் படம். அமெரிக்காவில் வெள்ளையர் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தவரைக் கேலி செய்த மேடைக் கூத்துகளின் நிற்கும் தோரணை அதில் அப்படியே இருந்தது. கறுப்பின ஆட்டக்காரர்கள் பார்த்த உடனே சொல்லிவிட்டார்கள். செப்டம்பர் தொடக்கத்திலேயே நிறுவனம் மன்னிப்புக் கேட்டு அந்தப் பகுதிகளை நீக்கியது. முதல் அறிக்கைக்கு இரண்டு வருடம் கழித்து இது நடந்தது என்பதைக் கவனியுங்கள். சொற்பட்டியல் வைத்துத் தேடியிருந்தால் அந்த வரலாற்றில் ஒரு தப்பான சொல்கூடக் கிடைத்திருக்காது. கதையின் எலும்புக்கூடுதான் பிசகு. விடுதலைகூட அவர்களுக்கு வேறு யாரோ கொடுத்ததாகத்தான் இருந்தது.

நம் வீட்டிலிருந்தும் ஒரு முகம் போயிருக்கிறது. 1977-இன் அரக்கர் கையேடான மான்ஸ்டர் மேனுவலில் ராக்ஷஸர்கள் உண்டு: புலித் தலை, தீய குணம், ஆசீர்வதிக்கப்பட்ட அம்பு பட்டால் சாவு. அந்த அம்பு நம் புராணம் எதிலும் இல்லை. அது 1974-இன் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரிலிருந்து வந்தது. நம் அரக்கர்களிலோ இராவணன் வீணை வாசிப்பவன். வீடணன் அண்ணனை எதிர்த்துச் சபையிலேயே பேசிவிட்டு வெளியேறுகிறான். கும்பகர்ணன் அண்ணன் செய்தது தப்பு என்று தெரிந்தும், உண்ட சோற்றுக்காகப் போருக்குப் போய்ச் சாகிறான். ஒரே வீட்டில் மூன்று பேர், மூன்று முடிவு. இலங்கைப் போர் இன்றுவரை அலுக்காமல் இருப்பதற்கு இதுவே காரணம் என்று நான் நினைக்கிறேன். நான் தகராறு எழுதச் சொன்னது இந்த அர்த்தத்தில்தான்.

இதை இந்த விளையாட்டு உலகத்திலேயே நன்றாகச் செய்தவர்கள் உண்டு, அதுவும் வெகு காலத்துக்கு முன்பே. ரூன்குவெஸ்ட் என்ற ஆட்டத்துக்கு 1982-இல் டிரால்பேக் என்று ஒரு தொகுப்பு வந்தது. சாண்டி பீட்டர்சனும் கிரெக் ஸ்டாஃபோர்டும் எழுதியது. டிரால்களின் வரலாறு அதில் டிரால்களின் வாயாலேயே வருகிறது. அவர்கள் தங்களை 'உஸ்' என்று அழைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் வீடு கீழுலகம், இருள் நிறைந்த இனிய வீடு. மேலே தெய்வங்களின் சண்டையில் சூரியன் கொல்லப்படுகிறான். செத்தவர்கள் எல்லோரும் போகும் இடம் கீழுலகம்தானே, சூரியனும் எரிந்துகொண்டே அங்கே வந்து இறங்குகிறான். உஸ்களின் வீடு பற்றி எரிகிறது. அகதிகளாக மேலே ஏறி வருகிறார்கள். பின்னால் ஒரு சாபம் அவர்கள் வயிற்றில் விழுகிறது. தாய்மார்கள் வலுவான பிள்ளைக்குப் பதிலாக நோஞ்சான் பிள்ளைகளாகவே பெறுகிறார்கள். அந்தப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது அந்தச் சமூகத்தின் ஆறாத காயம்.

இந்த டிரால்கள் மனிதனைத் தின்பார்கள், இருட்டில் வருவார்கள், பயங்கரமானவர்கள். ஒரு பல்லைக்கூட யாரும் பிடுங்கவில்லை. ஆனாலும் வெளிச்சத்தை அவர்கள் ஏன் வெறுக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு, தீப்பந்தத்தோடு குகைக்குள் நுழையும்போது உங்களுக்கே ஒரு மாதிரி இருக்கும். கதை சப்பென்று ஆகிவிடுமா என்று கேட்டீர்களே, இதைப் படித்துப் பாருங்கள்.

2004-இல் வந்த கீத் பேக்கரின் எபரான் உலகம் இன்னொரு வழி காட்டியது. அங்கே ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன் வேற்றுலகப் பைத்தியக்காரத்தனம் ஒன்று படையெடுத்து வந்தபோது, வாசல்களை அடைத்து உலகத்தைக் காப்பாற்றியவர்கள் ஆர்க் ட்ரூயிடுகள், அதாவது இயற்கையை வழிபடும் பூசாரிகள். அந்த முத்திரைகளை இன்னும் காவல் காப்பவர்களும் அவர்கள்தான், வெளியே யாருக்கும் அது தெரியாது. பாதி ஆர்க்குகளும் அங்கே வேறு மாதிரி. பழைய புத்தகங்களில் பாதி ஆர்க் என்றாலே பின்னணியில் ஒரு வன்கொடுமை இருக்கும், வெளிப்படையாகவோ குறிப்பாகவோ. எபரானின் சதுப்பு நிலத்தில் மனிதரும் ஆர்க்கும் கல்யாணம் செய்துகொண்டு வாழ்கிறார்கள். இரண்டு ரத்தத்தின் பிள்ளைகள் என்று பொருள்படும் சொல்லால் அந்தக் குழந்தைகளை அழைத்துக் கொண்டாடுகிறார்கள். 2024 ஹேண்ட்புக்கில் பாதி எல்ஃபும் பாதி ஆர்க்கும் தனி வகையாக இல்லாமல் போனது எனக்கு வருத்தம். இரண்டு வீட்டுக்கும் பிள்ளையாக வளர்ந்த பலர் தங்களைப் பார்த்துக்கொண்ட கண்ணாடி அது. எபரான் செய்தது போலப் பிறப்புக் கதையை மாற்றியிருந்தாலே போதும்.

உங்கள் ஆர்க்குகளுக்கு விதை தேடி வெளியே போக வேண்டாம். அவர்களுடைய கடவுள் க்ரூம்ஷ் பற்றி 1982-இல் டிராகன் பத்திரிகையில் வந்த கதை ஒன்று இருக்கிறது. தெய்வங்கள் உலகத்தைப் பங்கு போடுகிறார்கள். மலை ட்வார்ஃபுக்கு, காடு எல்ஃபுக்கு, மனிதனுக்கு விரும்பிய இடமெல்லாம். க்ரூம்ஷின் முறை வரும்போது ஒன்றும் மிச்சமில்லை, மற்றவர்கள் சிரிக்கிறார்கள். அவன் ஈட்டியால் மலையைக் குத்திப் பிளந்து, என் மக்கள் இந்த இடுக்குகளில் வாழ்வார்கள், ஒரு நாள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வார்கள் என்கிறான். எழுதியவர்கள் இதை ஆர்க்குகளின் வெறிக்கு விளக்கமாக வைத்தார்கள். நான் இதை நிலம் மறுக்கப்பட்டவர்களின் கதையாகப் படிக்கிறேன். இதே கதையை வைத்து உங்கள் ஆர்க்குகளைச் சண்டை போட விடுங்கள். ஒருத்தி, "எடுத்துக்கொள்வோம் என்றால் படையெடுப்பு" என்கிறாள். இன்னொருவன், "பிளந்த பாறையில் வாழக் கற்றதுதான் நம் வெற்றி, இந்த இடுக்கே நம் ஊர்" என்கிறான். கிழவி ஒருத்தி, அந்தக் கதையே பொய், நாங்கள் சமவெளியிலிருந்து துரத்தப்பட்டவர்கள், என் பாட்டியின் வரப்புக் கல்லைக் காட்டட்டுமா என்கிறாள். உங்கள் கேம்பெயின் அங்கே தானாக ஆரம்பித்துவிடும்.

ட்ரௌ விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. 2021-இல் அவர்களுக்கு இரண்டு புதிய சமூகங்களை அறிமுகப்படுத்தினார்கள், ஒன்று வடக்கே பனியில், ஒன்று தெற்கே காட்டில், இரண்டும் நல்லவர்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் அங்கே ஒரு நல்ல கூட்டம், இங்கே ஒரு கெட்ட கூட்டம் என்று பிரித்தால் பழைய பழக்கம் அப்படியே தங்கிவிடுகிறது, எந்த ஊரில் பிறந்தாய் என்பதுதான் மறுபடி தீர்ப்பு. நீங்கள் ட்ரௌக்களின் சிலந்தித் தெய்வமான லோல்த் வழிபாட்டை ஒரு நகரத்தின் ஆட்சியாக வையுங்கள். ஆட்சி என்றால் அதற்கு வரி உண்டு, ஒற்றர் உண்டு, பயந்து ஒத்துப் போகிறவர் உண்டு, பக்கத்து வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு வேறு பாட்டுப் பாடுகிறவரும் உண்டு. தோல் நிறத்துக்கும் சாபத்துக்கும் முடிச்சுப் போட்ட வரியை மட்டும் எந்த மாற்றும் தேடாமல் எடுத்துவிடுங்கள்.

வண்டிக் கூட்டத்தை நான் உங்கள் இடத்தில் இருந்தால் முழுதாக வேறாக எழுதுவேன். அவர்கள் என்ன வியாபாரம் செய்கிறார்கள், எந்தச் சந்தைக்கு எந்த மாதம் வருகிறார்கள், எந்த ஊரில் யாரிடம் கடன் பாக்கி என்று தொடங்குங்கள். குறி சொல்பவள் வேண்டுமென்றால் கோட்டைக்குள்ளே ஒரு பிரபுவின் மனைவியாக இருக்கட்டும். திருடனும் அங்கேயே இருக்கட்டும்.

"அப்போது எல்லோரும் தொப்பி மாற்றிய மனிதர்கள்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான பயம். உடல் வித்தியாசத்தை யாரும் எடுக்கச் சொல்லவில்லை. எல்ஃப் 750 வயதுவரை வாழலாம். அப்படியென்றால் மனிதர்களோடு போட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட எல்ஃப் இன்னும் உயிரோடு இருக்கிறாள், எதிரே கையெழுத்திட்டவனின் பன்னிரண்டாம் தலைமுறை பேசிக்கொண்டிருக்கிறது. இருட்டில் கண் தெரியும் மக்கள் விளக்குக்குச் செலவு செய்ய மாட்டார்கள், அவர்கள் ஊருக்கு வரும் மனிதன் சுவரைத் தடவிக்கொண்டு நடக்க வேண்டும். உடலிலிருந்து வாழ்க்கை எப்படி மாறும் என்று எழுத எழுத வந்துகொண்டே இருக்கும். உடலிலிருந்து குணம் வரும் என்று எழுதுவதுதான் தப்பு.

வில்லன்களையும் விட்டுவிட வேண்டாம். எதிரி அணிக்கு ஒரு கொடி, ஒரு சத்தியம், சம்பளம் கொடுக்கும் ஒருவன் இருக்கட்டும். அதில் ஆர்க் இருக்கலாம், மனிதன் இருக்கலாம், எல்ஃபும் இருக்கலாம். 2025-இன் மான்ஸ்டர் மேனுவலில் ஆர்க்குக்குத் தனி ஸ்டாட் பிளாக்கே, அதாவது திறன் எண்களின் பட்டியலே, கிடையாது, போர்வீரன், முரடன் போன்ற பொது பிளாக்குகளை யாருக்கும் பயன்படுத்தலாம். எண்களுக்கு அது சரியான தீர்வு. கதையை டிஎம் தலையில் கட்டிவிட்டார்கள், அதனால் புதியவர்கள் திணறுகிறார்கள்.

ஆரம்பிப்பதற்கு முன் ஆடப் போகிறவர்களோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, உங்கள் உலகத்தில் எதை மாற்றுகிறீர்கள், ஏன் என்று சொல்லுங்கள். அவர்களுக்கு எது வலிக்கும் என்றும் கேளுங்கள். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் திருத்தி எழுத உட்கார வேண்டாம். முதல் ஆட்டத்தில் எந்த மக்களைச் சந்திக்கப் போகிறார்களோ அவர்களை மட்டும் எழுதினால் போதும்.

அந்தக் குகையை நான் பின்னால் திரும்ப எழுதினேன். மூன்று பேரை எழுதினேன். கோட்டைக்காரர்கள் அணை கட்டியதால் ஓடை வற்றிப்போன கோபத்தில் வண்டிகளைக் கொள்ளையடிக்கும் தலைவி உர்கா. கொள்ளை வேண்டாம், கோட்டைக்குப் போய்ப் பேசுவோம் என்று சொல்லி அடி வாங்கிய அவள் தம்பி. குழந்தைகள் இருக்கும் அறையின் வாசலில் உட்கார்ந்து, உள்ளே வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் பெயரைச் சொல் என்று கேட்கும் பல் போன தாத்தா. பாலடின் ஆடிய அதே நண்பர் இந்த முறையும் பகடையைக் கீழே வைத்தார். தன் பெயரைச் சொன்னார், வாளை வெளியே வைத்துவிட்டு உள்ளே போனார். அந்த அணைப் பஞ்சாயத்து எங்களுக்கு ஏழு மாதம் ஓடியது.